டெல்லியில் கார் திருட்டு: ஒரு தெருவில் போகிறது, பக்கத்துத் தெருவில் போவதில்லை, ஏன்?

மயூர் விஹார், ஆர்.கே. புரம், ஜனக்புரி, முனிர்க்கா என்று டெல்லியில் குடியிருக்கும் தமிழர்கள் வீடு மாற்றும்போதும் கார் வாங்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

டெல்லியில எந்த ஏரியாவுல கார் ஜாஸ்தி திருடு போகுது? பேரைச் சொன்னா போதும், அங்க வீடு பாக்காம இருந்துடுவோம்.

பத்திரிகைப் பட்டியல்களில் ரோகிணி, பஜன்புரா, உத்தம் நகர் என்ற பெயர்கள் அடிக்கடி வரும். அதை நம்பி வீடு தேட வேண்டாம். ரோகிணி ஒரு பேட்டை இல்லை, ஒரு ஊரளவு பெரிது. அங்கே எத்தனை கார் நிற்கிறது என்று பார்க்காமல் எத்தனை கார் போனது என்று மட்டும் எண்ணினால், பெரிய இடம் எப்போதும் முதலிடத்தில்தான் இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வெளியிடும் பட்டியலில் இன்னொரு கோணல்: அதில் வருவது அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் மட்டும்.

இன்னொன்று, டெல்லியில் ஆண்டுக்கு 30,000க்கு மேல் வாகனங்கள் திருடு போகின்றன. அதில் பெரும்பகுதி டூ வீலர். 'வாகனத் திருட்டு கூடிவிட்டது' என்று செய்தி வந்தால் அது பைக், ஸ்கூட்டி கணக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கணக்கைப் பேட்டையாகப் பார்க்காமல் தெருவாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரைப் பற்றி 1989ல் வந்த ஆய்வில், போலீஸுக்கு வந்த அழைப்புகளில் பாதி வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. டெல்லியிலும் 'மோசமான ஏரியா' என்று சொல்லப்படும் இடத்தில் முக்கால்வாசித் தெருக்கள் அமைதியாகவே இருக்கும். 'நல்ல ஏரியா'வில் பூங்காவை ஒட்டிய ஒரே ஒரு சந்து மட்டும் வண்டி வண்டியாக இழந்துகொண்டிருக்கும்.

பணக்காரங்க இருக்கற இடத்துலதானே திருடணும்? நல்ல கார் எல்லாம் அங்கதானே இருக்கு?

நல்ல கார் இருக்கிறது. ஆனால் அது கேட்டுக்கு உள்ளே நிற்கிறது. கோல்ஃப் லிங்க்ஸ் பங்களாவில் காவலாளி, டிரைவர், நாய் எல்லாம் உண்டு. காரை வெளியே எடுக்க வாசல் கேட்டைத் திறந்தாக வேண்டும். அதே விலைக்கு இன்னொரு கார் வேறு தெருவோரத்தில் கிடைக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு?

தென் டெல்லியின் பில்டர் ஃப்ளோர் தெருக்களில் கதை வேறு. ஒரு வீடு இருந்த மனையில் நான்கு தளம் எழும்பி, நான்கு குடும்பம், குடும்பத்துக்கு இரண்டு கார். கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில் நான்கு நிற்கும், மீதி நான்கு தெருவில். தெருவில் நிற்பது எப்போதுமே இரண்டாவது கார். அது காணாமல் போனது தெரியவே சில வீடுகளில் இரண்டு நாள் ஆகிறது. திருடனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

எங்க சொசைட்டியில பத்து வருஷமா ஒரு கார் போகல. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டி.டி.ஏ. ஃப்ளாட்ஸ்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு போகுது. ரெண்டும் ஒரே ஏரியாதானே?

பின் கோடு ஒன்றுதான், வாசல் வேறு. மயூர் விஹார் ஃபேஸ் 1, ஐ.பி. எக்ஸ்டென்ஷன் குரூப் ஹவுசிங் சொசைட்டிகளில் காரை வெளியே எடுக்க ஒரு கேட், அதிகம் போனால் இரண்டு. டெல்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய பாக்கெட்டுகள், அதாவது குடியிருப்புத் தொகுதிகள், நாலாபக்கமும் ரோட்டோடு சேர்ந்து கட்டப்பட்டவை. இரவு பதினொன்றுக்கு மேல் சில கேட்டுகளைப் பூட்டுவார்கள், ஒன்றிரண்டு திறந்தே கிடக்கும். தடியும் விசிலுமாகச் சுற்றி வரும் சௌக்கிதார் எந்த நேரத்தில் எந்த மூலையில் இருப்பார் என்பதை இரண்டு இரவு கவனித்தால் யாரும் சொல்லிவிடலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் ஒரே ஆள் இருநூறு காரைப் பார்க்க முடியாது.

கவனிக்க வேண்டியது உள்ளே வரும் வழியை அல்ல, வெளியே போகும் வழியை. திருடன் நடந்தோ பைக்கிலோ வருகிறான், போகும்போதுதான் கார். பல சொசைட்டிகளில் உள்ளே வருகிறவரிடம் பெயர், ஃப்ளாட் நம்பர், போன் நம்பர் எல்லாம் கேட்டு நோட்டில் எழுதுவார்கள். வெளியே போகும் காருக்கு சல்யூட் அடித்து பூம் பேரியரைத் தூக்கிவிடுவார்கள். இரவு 12 முதல் 5 வரை வெளியேறும் காரை மட்டும் நிறுத்தி, ஓட்டுபவர் முகத்தைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டாலே போதும். ஒரு இரவில் அப்படி எத்தனை கார் போய்விடப் போகிறது?

அரசு குவார்ட்டர்ஸ் காலனிகளில் இன்னொரு சங்கடம் சேர்கிறது. இடமாற்றத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் எந்தக் கார் யாருடையது என்று பக்கத்து வீட்டுக்கே தெரியாது. யாரோ காரை எடுக்கிறார், அவர் கார்தான் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

பார்டர் பக்கத்துல இருந்தா திருட்டு ஜாஸ்தியா?

ஆமாம், ஆனால் தூரத்தை விட நேரம்தான் முக்கியம். டெல்லி போலீஸ் மத்திய உள்துறையின் கீழ், உத்தரப் பிரதேச, ஹரியானா போலீஸ் அந்தந்த மாநில அரசின் கீழ். எல்லை தாண்டிவிட்டால் தகவல் ஒரு கண்ட்ரோல் ரூமிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். மயூர் விஹாரிலிருந்து நொய்டா, தில்ஷாத் கார்டனிலிருந்து காஜியாபாத், நரேலாவிலிருந்து சோனிபத், எல்லாமே அதிகாலையில் சில நிமிட ஓட்டம். 2018ல் ஈஸ்டர்ன் பெரிஃபெரல் எக்ஸ்பிரஸ்வேயும் மேற்கே கே.எம்.பி. என்ற குண்ட்லி-மானேசர்-பல்வல் எக்ஸ்பிரஸ்வேயும் முழுதாகத் திறந்த பிறகு, நகருக்குள் வராமலேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடலாம்.

ஆனாலும் எல்லையை ஒட்டிய எல்லா இடமும் ஒன்றில்லை. வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏற மூன்று திருப்பமும் ஒரு குறுகலான பஜாரும் இருந்தால் அந்த இடம் தப்பிக்கும். சர்வீஸ் ரோட்டிலேயே கார் நின்று, நூறு மீட்டரில் ஃப்ளைஓவர் ஏறிவிடலாம் என்றால், எல்லை பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஆபத்துதான்.

இவ்ளோ காரைத் திருடி என்னதான் பண்றாங்க?

மூன்று வழி. ஒன்று, பிரித்துப் பாகமாக விற்பது. மீரட்டின் சோத்திகஞ்ச் இதற்கு நாடறிந்த பேர். 2021 டிசம்பரில் உ.பி. போலீஸ் அந்தக் கடைகளை மூடியது. வேலை நின்றுவிடவில்லை, சிதறிப் போனது. நல்ல ஆள் இருந்தால் ஒரு கார் சில மணி நேரத்தில் கதவு, பானெட், எஞ்சின், சீட் என்று தனித்தனியாகிவிடும்.

இரண்டாவது, விபத்தில் நசுங்கி 'டோட்டல் லாஸ்' ஆன காரை இன்சூரன்ஸ் ஏலத்தில் வாங்குவது. வாங்குகிறவருக்கு வேண்டியது இரும்பு இல்லை, அதன் ஆர்.சி.யும் சேசிஸ் நம்பரும். அதே மாடல், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, நம்பரை அழித்து அந்த நம்பரைப் பொறித்துவிட்டால் காகிதத்தில் அது செத்துப் பிழைத்த கார். 'எங்களுக்கு இந்த மாடல் வேணும்' என்று ஆர்டரின் பேரில் திருட்டு நடப்பது இதனால்தான். மூன்றாவது, நம்பர் பிளேட் மாற்றி வடகிழக்கு மாநிலங்கள், பிஹார், காஷ்மீர் என்று தொலைவுக்கு ஓட்டிப்போய் விற்பது. ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ, கிரெட்டா இந்த வழியில் அதிகம் போகின்றன.

என்னோடது பத்து வருஷ வேகன் ஆர். அதை யாரு எடுக்கப் போறா?

அதைத்தான் எடுப்பார்கள். ஒரு கார் எவ்வளவு அதிகம் ரோட்டில் ஓடுகிறதோ அவ்வளவு அதிகம் அதன் உதிரிபாகத்துக்குக் கிராக்கி. வேகன் ஆர், ஸ்விஃப்ட் பாகங்களை எந்த மெக்கானிக்கும் வாங்கிக்கொள்வார். பழைய கார் என்றால் பூட்டும் பலவீனம். சொந்தக்காரரும் கவலைப்படாமல் ஏதோ ஒரு மரத்தடியில் விட்டிருப்பார். மேலே சொன்ன மூன்று வழிகளில் முதல் வழிக்கு இது அல்வா.

பழைய கார்கள் கூடுதலாக இருக்கும் பேட்டைகளில் எண்ணிக்கை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அது அங்குள்ள மனிதர்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

ரெண்டு சாவியும் வீட்ல இருக்கு. சாவி இல்லாம எப்படி எடுத்தான்?

இப்போதைய கார்களில் இம்மொபிலைசர் உண்டு. சாவியில் உள்ள சிப்பைக் காரின் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். பழைய மாஸ்டர் சாவிக் கும்பல்கள் இதனால் ஓய்ந்தன. புதியவர்கள் பின்பக்கச் சின்னக் கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்து, மெக்கானிக்குகள் ஸ்கேன் செய்யும் ஓ.பி.டி. போர்ட்டில் கருவியைச் சொருகிப் புதுச் சாவியைக் காருக்கு அறிமுகம் செய்துவிடுகிறார்கள். பட்டன் ஸ்டார்ட் கார்களில், வீட்டு வாசலருகே மாட்டியிருக்கும் சாவியின் சிக்னலையே வெளியிலிருந்து இழுத்து நீட்டும் முறையும் உண்டு. தரைத்தள வீட்டில் சாவியை வாசல் ஆணியில் மாட்டாதீர்கள்.

இதெல்லாம் நடக்கச் சில நிமிடம் வேண்டும். அந்தச் சில நிமிடம் யார் கண்ணிலும் படாமல் இருக்க எந்த இடம் தோது? விடை தெரு விளக்கில் இருக்கிறது. டெல்லியில் பல தெருக்களில் விளக்கு எரிகிறது, ஆனால் வேப்பமரமும் அரசமரமும் அதை மூடியிருக்கும். கம்பத்தில் வெளிச்சம், கார் மேல் இருட்டு.

தெரு பூரா சி.சி.டி.வி. இருக்கே, அப்புறமும் எப்படி?

இரவில் ஹெட்லைட் எதிரே அடிக்கும்போது சாதாரண கேமராவில் நம்பர் பிளேட் வெள்ளைப் பட்டையாகத்தான் தெரியும். பல கேமராக்கள் அவரவர் வாசலைத்தான் பார்க்கின்றன, ரோட்டை இல்லை. பதிவு ஒரு வாரத்தில் அழிந்து மேலெழுதப்படும் டி.வி.ஆர்.களும் நிறைய. கேமரா திருட்டுக்குப் பிறகு உதவும், திருட்டின்போது யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வாங்குவதாக இருந்தால் ஒன்றை வெளியேறும் கேட்டில், பிளேட் உயரத்தில், அகச்சிவப்பு விளக்கோடு வையுங்கள். அந்த ஒன்று மற்ற பத்துக்குச் சமம்.

கோயிலுக்குப் போறப்ப, மெட்ரோ ஸ்டேஷன்ல விடறப்ப ஆபத்து உண்டா?

உண்டு, சில சமயம் வீட்டை விட அதிகம். மெட்ரோ பார்க்கிங்கில் காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மாலை ஆறு வரை நீங்கள் வர மாட்டீர்கள் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. மலை மந்திர் முருகன் கோயிலில் தைப்பூசத்துக்கோ ஆடிக் கிருத்திகைக்கோ கூட்டம் வரும்போது சுற்றுத் தெருக்களில் கார் எங்கெங்கோ நிற்கும், எல்லாம் வெளியாள் கார். யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலும் அப்படித்தான், அங்கே வருபவர்களுக்குக் காரைப் பற்றி நினைக்க மனமும் இருக்காது.

ஏரியாக் கணக்கில் வரும் குழப்பமும் இங்கேதான். கார் எங்கே போனதோ அந்த ஸ்டேஷனில்தான் எஃப்.ஐ.ஆர். ஜனக்புரிக்காரர் கார் கரோல் பாக் மார்க்கெட்டில் போனால் கரோல் பாக்கின் எண்ணிக்கை ஏறும். ஆனால் கரோல் பாக் மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் அங்கே குடியிருப்பவர்களுக்கு ஏதோ சாபம் போலத் தெரியும். மார்க்கெட் உள்ள பேட்டையின் கணக்கைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் கார் போன வாரம் போச்சு. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான்தானே?

தலைகீழ். ஒரு இடத்தில் வேலை சுலபமாக முடிந்தால் அடுத்த சில வாரங்களுக்குள் அதன் அருகிலேயே மறுபடி முயல்வது பல ஊர்களில் கண்டறியப்பட்ட பழக்கம். கேட் எது, நாய் எது, விளக்கு எது என்று ஒருமுறை படித்தாகிவிட்டது. ஒரு கார் போனால் அந்தச் சந்துக்கு ஒரு மாதம் கூடுதல் காவல் போடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆர்.டபிள்யூ.ஏ. என்ற குடியிருப்போர் சங்கத்தின் மீட்டிங்கில் தீர்மானம் போடுவதில் பயனில்லை.

சரி, என்ன மாட்டினா கார் போகாது?

போகவே போகாது என்று எதுவும் இல்லை. நேரத்தைக் கூட்டலாம், அவ்வளவுதான். பளிச்சென்று தெரியும் ஸ்டியரிங் லாக் ஒன்று, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் மஞ்சள் கம்பி. அறுக்க முடியும், ஆனால் சத்தமும் நேரமும் பிடிக்கும். அடுத்து கியர் லாக். மூன்றாவது, ஓ.பி.டி. போர்ட்டுக்குப் பூட்டுப் போட்ட மூடி. நான்காவது, பெட்ரோல் பம்ப் ரிலேயில் ஒளித்து வைக்கும் கட்-ஆஃப் சுவிட்ச். இது மிக நல்லது, ஆனால் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். ஒயரை வெட்டி ஒட்டி டேப் சுற்றினால் மழைக்காலத்தில் ரிங் ரோட்டில் கார் நின்றுவிடும், வாரண்டியிலும் வில்லங்கம் வரும்.

ஜி.பி.எஸ். வைப்பவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில் வைப்பார்கள், எடுப்பவன் முதலில் தேடுவதும் அங்கேதான். ஜாமர் இருந்தால் ஓடும்போது சிக்னல் வராது. சொந்த பேட்டரியில் இயங்கும் இன்னொன்றை சீட்டுக்குள்ளோ பின்பக்க ட்ரிம்முக்குள்ளோ வைத்தால், ஜாமரை அணைத்து எங்காவது 'ஆற' விட்டிருக்கும்போது அது பேசும். திருடிய காரை ஓரிரு நாள் யாரும் தேடி வருகிறார்களா என்று பார்க்க ஒரு பார்க்கிங்கில் விட்டுவைப்பது வழக்கம்.

கார் நிக்குது, ஆனா நாலு சக்கரமும் இல்ல, செங்கல் மேல உட்கார்ந்திருக்கு. இதுவும் கார் திருட்டுல வருமா?

வாகனத் திருட்டுக் கணக்கில் வராது, சாதாரணத் திருட்டு. சக்கரம், ஈ.சி.எம். என்ற எஞ்சின் கம்ப்யூட்டர், ஈக்கோ வேனின் சைலன்ஸர் மூன்றும் தனியாகப் போகும். சைலன்ஸருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் கலந்த பூச்சு உண்டு, அதற்குத்தான் விலை. அலாய் சக்கரத்துக்குத் தனிச் சாவியால் மட்டும் கழலும் வீல் லாக் நட் வாங்கலாம், சக்கரத்துக்கு ஒன்று போதும். அந்தச் சாவியை டிக்கியில் போட்டு வைக்காதீர்கள்.

காலைல எழுந்து பாத்தா காரைக் காணோம். முதல்ல என்ன பண்ணணும்?

கார் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். கல்கண்டு போல நொறுங்கிய கண்ணாடித் துண்டு கிடந்தால் திருட்டுதான். பெருக்க விடாமல் போட்டோ எடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் டிராஃபிக் போலீஸ் கிரேன் தூக்கியதா, லோன் பாக்கிக்கு ஏஜென்ட் எடுத்தாரா என்று விசாரியுங்கள். பிறகு 112. குற்றவாளி யாரென்று தெரியாத வாகனத் திருட்டுக்கு டெல்லி போலீஸின் இணைய எஃப்.ஐ.ஆர். வசதி 2015 முதல் உண்டு, தாணாவில் காத்திருக்க வேண்டாம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவு, பழைய 379 இல்லை.

ஃபாஸ்டேக்கை உடனே முடக்காதீர்கள். எந்த டோலில் எத்தனை மணிக்குக் காசு பிடித்தது என்று எஸ்.எம்.எஸ். வந்தால் கார் போன திசை தெரியும். அதை விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்பதை மட்டும் காட்டி க்ளெய்மை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்காக நீங்களாகத் தாமதிக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ்ல முழுப் பணமும் வருமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் ஒரு ரூபாய் வராது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் ஐ.டி.வி., அதாவது தேய்மானம் கழித்துப் பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பு, வரும். ஷோரூம் விலை 8 லட்சம், பாலிசி தொடங்கியபோது காருக்கு மூன்றரை வயது என்றால் தேய்மானம் 40 சதவீதம், ஐ.டி.வி. 4.8 லட்சம். அதில் கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. வித்தியாசத்தை ஈடுகட்ட 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் காப்பீடு புதுக் காருக்கு எடுக்கலாம்.

போலீஸ் தரும் 'கண்டுபிடிக்க இயலவில்லை' அறிக்கை, படிவம் 28, 29, 30 கையெழுத்துடன், ஆர்.சி., லோன் இருந்தால் வங்கியின் படிவம் 35, இத்துடன் இரண்டு சாவியும் கேட்பார்கள். இரண்டாவது சாவியைத் தொலைத்தவர்கள்தான் இங்கே மாட்டுவார்கள், அதனால் தொலைந்த அன்றே போலீஸில் தொலைந்த பொருள் அறிக்கை போட்டு வைப்பது நல்லது. எஞ்சினை ஓடவிட்டுப் பால் வாங்க இறங்கியபோது கார் போனால் அஜாக்கிரதை என்று மறுப்பார்கள். பாலிசி நிபந்தனை மீறிய சில வழக்குகளில் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010ல் தீர்ப்பளித்ததுண்டு, ஆனால் அதற்கு நுகர்வோர் மன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

திருட்டு ஜாஸ்தியான ஏரியாவுக்கு மாறினா பிரீமியம் ஏறுமா?

பழைய மோட்டார் டாரிஃபில் டெல்லி முழுவதும் சோன் ஏ, சென்னை, மும்பை, பெங்களூரு போலவே. அதில் தெருவுக்குத் தெரு கட்டணம் கிடையாது. ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆய்வு அமைப்பு அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்கு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதத் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 500 ரூபாய். அதை நம்பிக் கருவி வாங்குகிறவர் யாரும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கறேன். திருட்டு வண்டி இல்லைன்னு எப்படிப் பாக்கறது?

சேசிஸ் நம்பர் 17 எழுத்து. மாருதி என்றால் எம்.ஏ.3, ஹூண்டாய் என்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கும். காரில் பொறித்திருக்கும் இடத்தில் விரலால் தடவுங்கள். கம்பெனிப் பொறிப்பில் எழுத்துகள் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. சுற்றிலும் பெயின்ட் வேறு பளபளப்பாக இருந்தாலோ அரத்தால் தேய்த்த கோடு தெரிந்தாலோ விலகிவிடுங்கள். முன் கண்ணாடியில் ஒட்டிய மூன்றாவது நம்பர் ஸ்டிக்கர் பெட்ரோல், சி.என்.ஜி. காருக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. ஸ்டிக்கரில் உள்ள நம்பர் பிளேட்டோடு ஒத்துப் போகிறதா பாருங்கள்.

பிறகு எம்பரிவாஹன் என்ற அரசுச் செயலியில் ஆர்.சி. விவரம், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) வாஹன் சமன்வய் தளத்தில் திருட்டுப் பதிவு பாருங்கள். இரண்டிலும் சுத்தமாக வந்தாலும் மேலே சொன்ன 'டோட்டல் லாஸ்' காகிதக் கார் தப்பிவிடும். அதற்குப் பழைய இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள். பெரிய விபத்துக் க்ளெய்ம் இருந்தும் கார் ஒரு கீறல் இல்லாமல் நின்றால், அது வேறு கார்.

அடுத்த மாசம் வீடு மாத்தறோம். வீட்டைப் பாக்கப் போறப்ப இதுக்குன்னு என்ன பாக்கணும்?

பகலில் வீட்டைப் பார்த்துவிட்டு, இரவு பதினொன்றரைக்கு ஒருமுறை, விடிகாலை ஐந்துக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகும் பார்க்கிங் இடம் யாருடைய ஜன்னலிலிருந்தாவது தெரிகிறதா? அங்கிருந்து பெரிய ரோட்டுக்கு எத்தனை திருப்பம்? அந்த நேரத்தில் எந்த கேட் திறந்திருக்கிறது, வெளியே போகும் காரை யாராவது நிறுத்துகிறார்களா? விளக்குக்குக் கீழே மரக்கிளை இருக்கிறதா? பக்கத்தில் இஸ்திரிக்காரர் மேசையோ இரவு முழுக்க இருக்கும் டீக்கடையோ இருந்தால், இருநூறு ரூபாய் வாடகை கூடக் கேட்டாலும் அந்த ஓரத்தைப் பிடியுங்கள். பழைய சாமான் வாங்க வரும் கபாடிவாலாவிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள், அந்தக் காலனியில் எந்தச் சந்தில் கார் போனது என்று ஆர்.டபிள்யூ.ஏ. செயலாளரை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.